திரேசா இன்னும் முடியவில்லை

என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் அன்பு மாமாவுக்கு,

முதலில் சந்தோசமான செய்தி. வருகிற வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து உங்கள் மூத்த மகன் கிளமென்ட் அண்ணா வருகிறார். உங்கள் அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போனவர், இப்போதுதான் ஒரு மாத லீவில் வருகிறார். வீடு கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாகிவிட்டது. ரஞ்சன், தன் அண்ணனுக்கு இறால் வாங்குவது பற்றி இரண்டு நாளாக மீன்காரரோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறார். உங்கள் சின்ன மகனுக்கு ஐம்பது தாண்டியும் இந்தப் பரபரப்புக் குறையவில்லை.

அண்ணா வருமுன் உங்களோடு ஒரு விஷயம் கதைத்து முடிக்க வேண்டும். படகு விஷயம். வேறு எது?

நீங்கள் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தது இரண்டு கிழமைக்கு, பதினாலே நாளுக்கு. கனடா விசா வந்துவிட்டது, கொட்டாஞ்சேனை வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, ரிக்கெட் போடும்வரை சின்ன மகனோடு இருக்கலாம் என்று ஒரு பெட்டியும் ஒரு மாதா சுரூபமுமாக வந்து இறங்கினீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பின்னால் ஒரு துண்டு வளவு. அதற்குள், எங்கள் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்த மனிசன்! யாழ்ப்பாணத்துச் சைவக்காரி மகனை மாதா கோயிலிலிருந்து பிரித்துவிடுவாள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னது என் காதுக்கும் வந்திருந்தது. இரண்டு கிழமைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், இல்லையா?

என்னை என்னவென்று கூப்பிடுவதென்றே உங்களுக்குத் தெரியவில்லை. மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. பெயரைச் சொல்லவும் கூச்சம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் என்பதால் டீச்சர் என்று தொடங்கினீர்கள். "டீச்சர், தேத்தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" கேட்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளையின் முகம்.

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் முப்பது வருடம் சாமான் தூக்கும் வின்ச் இயக்கிய மனிதர், நாலைந்து மைல் தள்ளி மகன் வீட்டில் படுப்பதற்கு முத்திரை குத்திய பேப்பரா என்று கொதித்தீர்கள். கொதித்துக்கொண்டே போய்ப் பதிந்தீர்கள். எப்போது திரும்பிப் போவார் என்று கேட்டிருந்த இடத்தில் "இரண்டு கிழமையில்" என்று எழுதுவித்தீர்கள்.

அந்த இரண்டாவது கிழமையில்தான் பக்கத்து வளவுப் பழைய வீட்டை உடைத்து ஃப்ளாட் கட்டத் தொடங்கினார்கள். தேக்குக் கதவுகளும் பலாமரச் சட்டங்களும் மதிலோரம் குவிந்தன. விறகுக்குப் பிளக்க இருந்ததை நீங்கள் அங்கே வேலை செய்த பாஸ்மாரோடு சிங்களத்தில் பகிடி விட்டு, இரண்டு பெட்டி சிகரட் கொடுத்து, எங்கள் வளவுக்குள் இறக்குவித்துவிட்டீர்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் உடுப்புக் காயப்போட இடமில்லை.

"மாமா, இதெல்லாம் என்னத்துக்கு?"

"போட் ஒண்டு செய்யப் போறன் டீச்சர். பாய் கட்டி ஓடுற போட்."

"உங்களுக்குப் படகு செய்யத் தெரியுமே?"

"தெரியாது. ஆனா முப்பது வருஷம் கப்பலுக்குச் சாமான் ஏத்தினனான். ஒரு கப்பலாவது என்னை ஏத்திக்கொண்டு போகேல்ல. கனடாவுக்கும் பிளேன்லதான் போகோணும். அதுக்கு முந்தி, தண்ணியில ஓடுற ஒண்டில ஒருக்கா ஏறோணும்."

அந்த ஞாயிறு கிளமென்ட் அண்ணா தொலைபேசி எடுத்தபோது, "போட் முடியட்டும் மகன், முடிஞ்ச உடன வாறன்" என்று சொல்லிவிட்டீர்கள். மகனுக்கு முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் நீங்கள். அண்ணாவும் சிரித்துவிட்டு ரிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். அன்றிலிருந்து உங்கள் பயணம் அந்த மரக்குவியலில் தொங்கியது.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு மனம் நோகாதீர்கள். படகு கெதியாக முடிந்தால் நீங்களும் கெதியாகப் போய்விடுவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நான் உங்களுக்குக் கைகொடுக்க வந்தேன்.

மருதானை நடைபாதையில் நீங்கள் வாங்கிய படகு கட்டும் அந்தப் பழைய ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து, அடியையும் அங்குலத்தையும் சரிபார்த்து, சாப்பிடும் ஹோல் நிலத்தில் பத்தடிப் படகொன்றை வெள்ளைச் சோக்கால் கீறினேன். ஒரு மாதம் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிப்போய்ச் சாப்பிட்டோம். பலகையை வளைக்க என் பெரிய சோற்றுப் பானையில் வெந்நீர் கொதித்தது. நீங்கள் சாக்குச் சுற்றிய பலகையில் ஊற்றச் சொல்லி அதட்டுவீர்கள், ரஞ்சன் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் தொங்குவோம். முதல் பலகை படீரென்று முறிந்து ரஞ்சன் கறிவேப்பிலை மரத்துக்குள் போய் விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாய் தைக்கக் கோதுமை மாச் சாக்குகள். எத்தனை தரம் அவித்துத் தோய்த்தும் அதிலிருந்த நீல எழுத்து முழுதாகப் போகவில்லை.

படகுக்குப் படகின் வடிவம் வந்த பிறகுதான் மேல்வீட்டுக் கந்தையா அங்கிள் எட்டிப் பார்த்தார். அவருக்கு வேர்த்துவிட்டது.

"கடற்கரைக்கு நூறு யார் தூரம் இல்லை. தமிழ் வீடு. அதுக்குள்ள ஒரு படகோ? உங்களுக்கென்ன விசரே? கடற்புலி எண்டு குடும்பத்தோட அள்ளிக்கொண்டு போவாங்கள்!"

மூன்று மாதமாக ஒருவருக்கும் அது தோன்றவில்லையே! வெட்டி விறகாக்கிவிடுவோம் என்று ரஞ்சன் சொன்னார். நீங்களோ அடுத்த நாள் காலை பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பதிவுப் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே பொலிசுக்குப் போய்விட்டீர்கள். கொழும்புத் தமிழனைத் தவிர வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பதிய வேண்டும் என்று அந்தக் காலம் எங்களைப் பழக்கி வைத்திருந்தது.

"ஒளிச்சு வைச்சாத்தானே பிழை? பதிஞ்சு வைச்சா என்ன பிழை?" என்றீர்கள், திரும்பி வந்து.

படகுக்கு இங்கே படிவம் இல்லை என்று சார்ஜன்ட் எத்தனையோ தரம் சொன்னாராம். நீங்கள் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்த வாங்கை விட்டு எழும்பவில்லையாம். கடைசியில் ஆளைத் துரத்தினால் போதும் என்று அவர் எங்கள் பேப்பரிலேயே நாலாவது பெயராக எழுதி முத்திரை குத்திவிட்டார். பெயர்: திரேசா. அது காலமான உங்கள் மனைவி, என் மாமியின் பெயர். பெண். வயது மூன்று மாதம். தொழில் இல்லை. பிறந்த இடம் வெள்ளவத்தை. எப்போது திரும்பிப் போவார் என்ற இடத்தில், "முடிந்ததும்." ரஞ்சன் அதை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் பயந்தது சரிதான். பத்து நாள் போயிருக்காது, விடியப்புறம் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கை வீடுகளைச் சுற்றிவளைத்தார்கள். வாசலில் ஒரு இளம் ஓபிசர், கையில் எங்கள் பேப்பர். ஆட்களை எண்ணினான், மூன்று. பெயர்களை எண்ணினான், நாலு.

"தெரேசா கோ?" என்றான். திரேசா எங்கே?

பேப்பரில் இருக்கும் ஆள் வீட்டில் இல்லையென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று அன்றைக்கு எங்களுக்கெல்லாம் தெரியும். நீங்களோ சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேத்தியைக் காட்டப் போகிறவர் போலப் பின்வளவுக்கு நடந்தீர்கள். மூடியிருந்த பொலித்தீனைத் தூக்கினீர்கள்.

"மென்ன தெரேசா, மாத்தயா." இதுதான் திரேசா, ஐயா.

அவன் பேப்பரைப் பார்த்தான், படகைப் பார்த்தான், சுற்றி ஒருதரம் நடந்தான். மூன்று மாதப் பிள்ளைக்கு நல்ல வளர்த்தி என்று சிங்களத்தில் சொன்னான். பின்னால் நின்ற சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டான். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்க, பொல்கொட வாவியில் என்றீர்கள். "கடல்பக்கம் மட்டும் கொண்டு போக வேண்டாம் அங்கிள், நேவி சுட்டுவிடும்" என்று சொல்லி, நாலு பேரும் சரி என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனான்.

அவர்கள் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் குசினி நிலத்தில் இருந்து சிரித்த சிரிப்பு! எனக்குக் கண்ணீர் வந்து, மூக்கால் வடிந்து, பிறகு உண்மையாகவே அழுதுவிட்டேன். என் அம்மாவும் அப்பாவும் போரால் பாதை பூட்டிக் கிடந்த யாழ்ப்பாணத்தில். ஒரு கடிதம் வர ஐந்து மாதம். கொழும்பில் எனக்கென்று ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதை அன்று காலை கண்டுகொண்டேன். நீங்கள் எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தீர்கள். சீனி அள்ளிக் கொட்டியிருந்தீர்கள். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் படகு முடியக் கூடாது.

ஆனால் நீங்கள் விட்டால்தானே? புத்தகத்தில் கடைசி அத்தியாயம் வரைக்கும் வந்துவிட்டோம். அதில் போட்டிருந்தது: தட்டை அடிப் படகுக்கு நடுவில் ஒரு வெட்டு வெட்டி, அதன் வழியே ஒரு பலகையைத் தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும். அந்தப் பலகை இல்லையென்றால் படகு காற்றோடு அழகாகப் போகும், காற்றுக்கு எதிராகத் திரும்பி வராது. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் வந்து என் தோளுக்கு மேலால் படத்தைத் தொட்டுக் காட்டினீர்கள்.

"நடுவில நிக்கிற இந்தப் பலகை என்னத்துக்கு டீச்சர்?"

"அது பெரிய படகுகளுக்கு, மாமா. எங்களுக்குத் தேவையில்லை."

நான் அப்படி ஒரு பொய் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. படகு ஓடாது, நீங்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவீர்கள், இன்னும் ஆறு மாதம் கிடைக்கும். இவ்வளவுதான் என் கணக்கு. நீங்கள் "ஆ, சரி" என்று சொல்லிவிட்டுச் சீவுளியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன லொறியொன்றில் திரேசாவை ஏற்றிக்கொண்டு போனோம். தெஹிவளைச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். நீங்கள் பேப்பரை நீட்டி நாலாவது பெயரைக் காட்ட, அங்கேயும் ஒரு கூட்டம் கூடிச் சிரித்து அனுப்பியது. பொல்கொட கரையில் படகை இறக்கியதும் நீங்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினீர்கள். நானும் சீலையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.

"உனக்கு நீந்தவும் தெரியாது! நீ ஏன் போறாய்?" என்று ரஞ்சன் கத்தினார்.

"கணக்குப் பார்க்க ஆள் வேணும்" என்றேன். வேறு என்ன சொல்ல? திரும்பி வராத படகு என்று தெரிந்துகொண்டு உங்களைத் தனியே அனுப்பிவிட்டு நான் கரையில் நிற்பதா? ரஞ்சன் ஆளுக்கு இரண்டு வெறும் எண்ணெய்க் கலனை இடுப்பில் கட்டிவிட்டார். நாங்கள் பார்ப்பதற்கு எண்ணெய் விற்கப் போகிறவர்கள் போல இருந்தோம்.

காற்று மாச் சாக்குப் பாயில் வந்து விழுந்தது. மாமா, அது ஓடியது! எங்கள் கதவுப் பலகை, என் சோற்றுப் பானையில் வளைந்த பலகை, சத்தமே இல்லாமல் ஓடியது. நீங்கள் துறைமுகத்தில் கிரேன்காரனைக் கூப்பிடுவது போலக் கையை உயர்த்திக் கத்தினீர்கள். எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் கத்தினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்டிருந்தால் அதற்குப் பிறகு ஒருவரும் எனக்கு அடங்கியிருக்க மாட்டார்கள்.

நடு வாவியில் திருப்பினீர்கள். படகு மூக்கைத் திருப்பியது, உடம்பு திரும்பவில்லை. நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தது. பாயை இழுத்தீர்கள், விட்டீர்கள், நான் பக்கம் மாறி இருந்தேன். ஒன்றுக்கும் அது மசியவில்லை. அரை மணித்தியாலத்தில் அக்கரைச் சேற்றில் போய்ச் செருகிக்கொண்டு நின்றோம். இக்கரையில் ரஞ்சன் எறும்பளவில் நின்று சேட்டைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார். கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்த சிங்களவர் ஒருவர், சோமே அய்யா, எங்களை இழுத்துப் போட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு தம்பிலி இளநீர் வெட்டித் தந்தார்.

நீங்கள் காற்சட்டையைப் பிழிந்தீர்கள். குனிந்து படகின் அடியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"பெரிய படகுகளுக்குத்தான், என்ன டீச்சர்?"

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"முப்பது வருஷம் ஹாபர்ல இருந்தவன் நான். அந்தப் பலகை என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியாதா? நீங்க என்ன சொல்லுவீங்களெண்டு பார்க்கத்தான் கேட்டனான்."

"அப்ப ஏன் மாமா ஏறினனீங்கள்?"

"நீங்க ஏறினீங்களே!"

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, சேறு காயக் காய, பஸ் பிடித்து வாவியைச் சுற்றி ரஞ்சனிடம் போய்ச் சேர்ந்தோம். அன்று பின்னேரம் அண்ணாவின் தொலைபேசிக் கோல் வந்தது. "போட் இன்னும் முடியேல்ல மகன். நடுவில ஒரு பலகை போடோணும்" என்றீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி அப்பா, ஆறுதலாச் செய்யுங்கோ" என்று கேட்டது. அந்தக் குரல் உடைந்தது எனக்கும் கேட்டது. கேளாதவள் போல வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

விசாவின் காலம் முடிந்தது. நீங்கள் இன்னும் ஒன்பது வருடம் எங்களோடு இருந்தீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணா பலகை போட்டாயிற்றா என்று கேட்பார். மழை விடட்டும், கிறிஸ்மஸ் போகட்டும், தவசு கால நோன்பு முடியட்டும் என்பீர்கள். திரேசாவைச் சோமே அய்யா வீட்டிலேயே விட்டிருந்தோம், அவருடைய பிள்ளைகள் துடுப்புப் போட்டு ஓட்டினார்கள், இப்போதும் ஓட்டுகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் ஒளித்திருந்து சிரிப்போம். என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் அவை, மாமா. வெளியே குண்டு வெடித்த வருடங்கள்தான், இருந்தாலும்.

போன கிழமை அண்ணா கோல் எடுத்தார். தன்னுடைய பெட்டிகளோடு நீளமாக ஒரு சாமானும் வருகிறது, எயார்போட்டுக்கு வான் வண்டி பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். என்னவென்று கேட்டேன்.

"அந்தப் பலகைதான் சுமதி. பேஸ்மன்டில வைச்சு நானே செய்தனான். மேப்பிள் மரம். அப்பாட்ட முந்தி ஒருநாள் அளவு கேட்டு எழுதி வைச்சிருந்தனான். அந்த ஒரு பலகையாலதானே அவர் வராமப் போனவர். அப்பவே நான் செய்து அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோணாமப் போச்சே."

தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் அழுதேன். நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு மனிதர் அங்கே தன் பிழையென்று தூக்கிச் சுமந்திருக்கிறார். அளவு கேட்டபோது ஏன் சொன்னீர்கள்? மகனோடு இன்னும் ஐந்து நிமிடம் கதைக்கலாம் என்றா? இரண்டு பேரும் சேர்ந்து செய்த களவு இது. நீங்கள் தப்பிவிட்டீர்கள், நான் தனியே அகப்பட்டுக்கொண்டேன்.

அதனால் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அந்தப் பலகையில் கைவைக்கு முன்னமே அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பலகையால் நீங்கள் போகாமல் இருக்கவில்லை, உங்களுக்குப் போக மனமில்லை, எனக்கு விட மனமில்லை என்று சொல்வேன். கோபித்தால் கோபிக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையென்றால் நீங்கள் மத்தியானமே ஷேவ் எடுத்து, சேட்டும் போட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்ததையும் சொல்வேன். அதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு திரேசாவின் நடுவில் வெட்டி, உங்கள் மூத்த மகன் செய்த பலகையை இறக்குவோம். அவரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், இந்த முறை படகிலேயே திரும்பி வருவேன். நான் இன்னும் நீந்தப் பழகவில்லை, ஆனாலும் ஏறுவேன்.

உங்கள் மருமகள்,
டீச்சர்